மாறி வந்த வார்த்தை

என் கணவருக்கு மூன்று மொழி தெரியும் என்று ஊரில் பேர். உண்மையில் இரண்டரைதான். தமிழ் நன்றாக எழுதப் படிக்க வரும். தெலுங்கு அவர் வீட்டுப் பேச்சு, வேப்பனப்பள்ளிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வருவது. கன்னடம் மட்டும் சந்தையில் மாடு பேரம் பேசுகிற அளவுக்கு. அந்த அரை மொழியை வைத்துக்கொண்டு அவர் ஆண்டவருடைய வார்த்தையை மொழிபெயர்க்கப் போனார். அதனால்தான் எங்கள் ஊரில் மருந்து குடிப்பது பாவமானது, என் மகள் சாகக் கிடந்தாள்.

அவர் எங்கள் சபையின் உபதேசியார். கிருஷ்ணகிரியிலிருந்து போதகர் மாதத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பாட்டு, பிரசங்கம், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு. சபை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மண்சுவர், நாட்டு ஓடு, மேலே ஒரு சிலுவை. வருகிறவர்கள் எல்லோரும் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்கிற ஜனங்கள். தோப்பும் நிலமும் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள் தங்கள் கோயிலைப் பார்த்துக்கொண்டன. எங்களை அவர்கள் தொந்தரவு செய்ததில்லை. எங்களைத் தொந்தரவு செய்தவர்கள் எல்லாரும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான்.

எல்லையோரத்து ஊர் என்பதால் மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒருவர் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்றார். எங்கள் ஜனங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்து தோப்புக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இன்னொருவர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, முழுக வேண்டும் என்றார். அந்த வருஷம் ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். படுக்கவைத்து முக்கினார், சேறும் சகதியுமாக எழுந்து வந்தார்கள். நாங்கள் சிரித்தோம். சிரித்துக் கழிக்கிற விஷயமாகவே எல்லாம் இருந்துவிடும் என்று நினைத்துவிட்டோம்.

நான் ஓசூரைத் தாண்டி ஆனேக்கல் பக்கத்தில் வளர்ந்தவள். அப்பா அங்கே மிஷன் பள்ளியில் வாத்தியார். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். கன்னடத்துப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, அவர்கள் வசவுகளையெல்லாம் பாடமாக்கியவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அந்த மொழிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அந்தப் பிரசங்கியார் வந்தது மாங்காய் அறுப்பு நடக்கும்போது. தங்கவயல் பக்கத்துக்காரர் என்றார்கள், பந்தல் போட்டுத் தினமும் கூட்டம் வைத்தார். வெள்ளை ஜிப்பா, வெட்டிவிட்ட தாடி, மெலிந்த உடம்பு. மற்றவர்களைப் போல் கத்தமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில்தான் பந்தலில் நின்றும் பேசுவார். கத்துகிறவர்களைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. இவரைப் பார்த்து வந்தது, காரணம் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். ஊரில் கன்னடம் தெரிந்த படித்தவர் யார் என்று கேட்டார். எல்லோரும் என் கணவரைக் காட்டினார்கள். இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். ஆனேக்கல்காரி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பெண் பந்தலில் ஏறி மொழிபெயர்ப்பதாவது!

முதல் நாள் கூட்டத்துக்கு நான் போகவில்லை. மூன்று வயது மகளுக்கு உடம்பெல்லாம் அக்கிக் கொப்பளம், வீட்டில் கிடந்தாள். கூட்டம் முடிந்து வந்த பக்கத்து வீட்டு அக்காதான் செய்தி சொன்னாள். எங்கள் சுவரை ஒட்டியது அவள் குடிசை. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். ஐந்து வயதில் ஒரு மகன். தோப்பில் கூலிக்குப் போய் அவனை வளர்த்தாள். வருஷக்கணக்காக வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மிக்சரைக் குடித்துக்கொண்டிருந்தவள்.

"மருந்து குடுக்கிறவங்ககிட்ட போவக்கூடாதாம்மா. மருந்தே தொடக்கூடாதாம். அதுல பிசாசு கீதாம். உங்க வீட்டு அய்யாதான் எடுத்துச் சொன்னாரு" என்றாள்.

வந்த கையோடு மிக்சர் பாட்டிலை வாசல் கல்லில் போட்டு உடைத்தாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். எனக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வினை. அக்காவுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. பொய்யில்லை, நானே பார்த்தேன். பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தவள் நிமிர்ந்து நடந்தாள். அவள் பந்தலில் ஏறிச் சாட்சி சொன்னாள். மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது. வாசலுக்கு வாசல் கஷாயச் சட்டியும் மாத்திரையும் குப்பைக்குப் போயின. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கண் தெரியாதவர்களைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். யாருக்குப் பார்வை வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

போதகர் அந்த மாதம் வந்தபோது இதைக் கேள்விப்பட்டு மெதுவாக எடுத்துச் சொன்னார். சுவிசேஷம் எழுதியவர்களில் ஒருவரே வைத்தியர் அல்லவா, அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டியவனைத்தானே ஆண்டவர் நல்லவன் என்றார் என்று கேட்டார். தலையாட்டினார்கள். அவர் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டார். பிரசங்கியார் தினமும் இருந்தார். மாதத்துக்கு ஒருநாள் வருகிறவர் பேச்சு எத்தனை நாளைக்கு நிற்கும்?

நான் கூட்டத்துக்குப் போனது அதற்கு அடுத்த வாரம். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கியார் முதல் நாள் சொன்னதையே மறுபடி சொன்னார். காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவர் சொன்ன சொல் மத்து. தமிழில் எழுதினால் மோர் கடைகிற மத்து மாதிரி இருக்கும். கன்னடத்தில் அதை மெத்தென்று அழுத்தமில்லாமல் சொல்வார்கள். மருந்து என்ற அர்த்தமும் அதற்கு உண்டு. ஆனால் அவர் மாட்டம், மத்து என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார். மாட்டம் என்றால் சூனியம். சூனியத்தோடு சேர்த்துச் சொன்னால் மத்து என்பது சோற்றில் கலந்து வைக்கிற வசிய மருந்து. ஆனேக்கலில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிரசங்கியார் சொன்னதெல்லாம், வசிய மருந்து வைக்கிறவனிடம் போகாதே என்பதுதான். அதில் என்ன தப்பு? எங்கள் போதகரும் அதைத்தான் சொல்வார். என் கணவருக்கு அது தெலுங்கு மந்துவாகக் காதில் விழுந்திருக்கிறது. தெலுங்கில் மந்து என்றால் மருந்து. வைக்கிறவன் என்பதைக் கொடுக்கிறவன் என்று மாற்றிவிட்டார். தமிழிலும்தான் மருந்து வைப்பது என்று ஒரு பேச்சு இருக்கிறதே. வைக்கிறவன் என்று சொல்லியிருந்தால் போதும், ஊரில் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். வைக்கிறவன் சூனியக்காரன். கொடுக்கிறவன் ஆஸ்பத்திரி டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், அதை நான் எங்கேயும் சொல்வேன். இத்தனை ஜனங்களைத் தப்பாக நடத்திவிட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். காலையில் முதல் வேலையாகப் பிரசங்கியாரிடம் போய்ச் சொல்லி, அன்றைக்கே கூட்டத்தில் திருத்திவிடுவதாகச் சொன்னார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

காலையில் போனவர் மத்தியானம் திரும்பி வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பிரசங்கியாரு சொல்லிட்டாரு, 'நான் சொன்னது மனுஷ வார்த்தை, உன் வாயில மாறி வந்துச்சு பாரு, அதுதான் ஆவியானவர் சொன்னது'ன்னு. அந்தம்மா வயித்துவலி நின்னுச்சா இல்லியா? அப்புறம் என்ன?"

பிரசங்கியாருக்குத் தன் சொல் திரிந்துபோனது முன்னமே தெரியும், அக்கா மருந்தை உடைத்ததாகச் சாட்சி சொன்னபோது அவரும் பந்தலில்தானே இருந்தார். அதற்குக் கூட்டம் சேர்ந்ததும் அதையே வைத்துக்கொண்டார். இதை நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. தான் ஒரு சொல்லைத் தவறவிட்ட ஆள் என்பதைவிட, தன் வாய் வழியாக ஆண்டவர் பேசினார் என்பது எவ்வளவு இனிப்பு! சந்தை மாட்டுக் கன்னடம் தீர்க்கதரிசனமாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் மொழிபெயர்க்கிற குரலே மாறிற்று. பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் நான்கு சொன்னார். எனக்கு அவரோடு ஒரே வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது.

ஆடிக் காற்று வந்தது. மகளுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. இரண்டொரு நாளில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஜெபிப்போம் என்றார். ஜெபித்துக்கொண்டே போவோம் என்றேன். அவர் அழுதார். குழந்தை மேல் உயிர். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பிரசங்கியாரைக் கூட்டி வந்தார். அவர் குழந்தையின் நெற்றியில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். எழுந்து, தனக்குத் தெரிந்த தமிழில், அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"பொழைச்சா தேவனுக்கு மகிமை. பொழைக்கலேன்னா, இந்த மனையில யாரோ நம்பலேன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வாசலில் நின்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். குழந்தை செத்தால் கொன்றவள் யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் ஆட்டம் கண்டது. ஒருவேளை இவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? நான் ஊசிக்குத் தூக்கிப்போவதைப் பார்த்து ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். ஜெபம் வரவில்லை. கடைசியில் எனக்கு ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. நான் சின்ன வயதிலிருந்து அறிந்த ஆண்டவர், மூச்சுத் திணறுகிற பிள்ளையைப் பணயம் வைத்து அம்மாவைச் சோதிக்கிறவர் அல்ல. அப்படிச் செய்கிறவன் வேறு யாரோ. அது தெளிவானதும் பயம் போய்விட்டது, எழுந்தேன்.

கணவர் உபவாச ஜெபத்துக்குப் பந்தலுக்குப் போனதும் குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வேப்பனப்பள்ளிக்கு ராகி மூட்டை ஏற்றிப்போன வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் பெரிய விவசாயி, நெற்றி நிறைய நாமம். ஏறிக்கொள்ளச் சொன்னார். வழியில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஏம்மா, வைத்தியம் பாக்காதேன்னு எந்த சாமி சொல்லும்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. எங்கள் சாமி சொல்லவில்லை என்று அவரிடம் விளக்க எனக்குச் சக்தி இல்லை. அங்கிருந்து பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி போனேன்.

இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் எங்களிடம் கொண்டுவந்து பயனில்லை என்று டாக்டரம்மா திட்டினார். பென்சிலின் போட்டார்கள். ஒவ்வொரு ஊசி ஏறும்போதும் நான் ஜெபித்தேன். இரண்டுக்கும் சண்டை எதுவும் வரவில்லை. போதகர் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். கணவர் ஒருமுறை வந்தார். வார்டு வாசலிலேயே நின்று, குழந்தை கஞ்சி குடிப்பதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன், பார்க்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

குழந்தை தேறி ஊர் திரும்பினேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து மகளை வாங்கி முத்தமிட்டாள். சாவு வாசல்வரை போன குழந்தையை ஜெபமே மீட்டுவிட்டது என்று அய்யா கூட்டத்தில் சாட்சி சொன்னாராம், ஜனங்கள் அழுதார்களாம். நான் குழந்தையோடு ஆனேக்கலுக்குப் போனதாக ஊர் நினைத்திருந்தது, ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவில்லை. அவள் மகன் எங்கே என்று கேட்டேன். காய்ச்சலாகப் படுத்திருக்கிறான், நெஞ்சு இழுக்கிறது, பயமில்லை என்றாள். உள்ளே போய்ப் பார்த்தேன். அதே குழி. அதே மூக்கு.

"அக்கா, பாப்பாவுக்கு ஊசி போட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்துட்டுத்தான் வரேன். பையனத் தூக்குங்க, போவலாம்" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். அய்யா வேறு மாதிரியல்லவா சொன்னார் என்றாள். பையனைத் தூக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள். அவள் என்னிடம் அப்படி நடந்ததே இல்லை.

அன்று சாயங்காலக் கூட்டத்தில், பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குமுன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். என் குழந்தைக்கு ஊசி போட்டார்கள், ஆண்டவர் அதைக்கொண்டு பிழைக்கவைத்தார், அந்தப் பையனையும் உடனே கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். பிரசங்கியார் என் கணவரைப் பார்த்தார். அக்காவும் அவரைத்தான் பார்த்தாள்.

"ஊசி போட்டது நெசந்தான்" என்றார் என் கணவர். "இவளுக்கு விசுவாசம் பத்தல, தூக்கிட்டுப் போயிட்டா. ஆனா பொழைச்சது ஊசியால இல்ல. நான் பந்தல்ல முழங்கால்ல நின்ன ஜெபத்தால."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். பொய் சொல்லியிருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும், அக்காவும் கண்டுபிடித்திருப்பாள். அவள் நிம்மதியாக உட்கார்ந்தாள். என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

போதகருக்கு ஆளனுப்பினேன். தோப்புக்காரரிடம் போய்க் கெஞ்சினேன், அவர் வண்டியே கட்டிக் கொண்டுவந்து குடிசை வாசலில் நிறுத்தினார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் காலையில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அழுகையில்லை. மகன் பெயரைச் சொல்லி, எழுந்திரு, எழுந்திரு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்கு என் கணவர்தான் ஜெபம் சொல்ல வேண்டும். ஏரிக்கரைக்கு மேலே எங்கள் கல்லறைத் தோட்டம். சின்னக் குழி. பையனைத் துணியில் சுற்றி இவர்தான் கையில் ஏந்திவந்தார். இறக்கிவைத்து நிமிர்ந்தவருக்கு ஜெபம் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அப்போது அக்கா கேட்டாள். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அய்யா, எங்கிட்ட எங்க கொறைஞ்சுது?"

இவர் குழிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவளிடம் குறையில்லை, கன்னடத்துச் சொல்லைத் தப்பாகச் சொன்னது தான்தான், மருந்து வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, தன் குழந்தை பிழைத்ததும் ஊசியால்தான் என்றார். மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். எத்தனை நாளாக அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்! கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். அவர் முடித்ததும் என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்தாள். கன்னம் உப்பி, மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது குழந்தை.

"எம்மனசு நோவக்கூடாதுன்னு சொல்றீங்கய்யா" என்றாள். "உங்க விசுவாசம் பெருசு, பாப்பா பொழைச்சுது. என்னுது பத்தல."

மகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். போதகர் வந்து சொன்னார். என் கணவர் அவள் வாசலில் போய் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் எல்லோருக்கும் சரி சரி என்றாள். அந்த மாதக் கடைசியில் பிரசங்கியார் பந்தலைப் பிரித்துக்கொண்டு குப்பம் பக்கம் கிளம்பினார். இப்போது அவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை, மருந்து தொடாதே என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் தானே சொல்லப் பழகியிருந்தார். அவர்கள் கூட்டத்துக்குச் சோறு பொங்கிப் போட அக்காவும் வண்டியில் ஏறிப் போனாள்.